ராஜாவின் சட்டையில் சில்வர் பெயிண்ட்

கன்னிவாடியில் என் போர்டு கடைத் தாழ்வாரத்தில் வைத்துத்தான் ஸ்பெயின் ராஜாவை வரைந்தேன். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மீசை மேல்நோக்கி முறுக்கியிருந்ததால் "பென்னிகுக் துரையாண்ணே?" என்றான் ஒரு பையன். "துரைக்கு இம்புட்டு சரிகை எதுக்குடா, நாடகக்காரனா இருக்கும்" என்றார் பக்கத்தில் நின்றவர். வெற்றிலை விற்கிற அம்மாயிதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தது. "யாரா இருந்தா என்னப்பா, தாடை நீண்ட குடும்பம். எங்க கொழுந்தனாருக்கும் இப்படித்தான்" என்றது.

அம்மாயி சொன்னதுதான் சரி. ஹாப்ஸ்பர்க் வம்சம் தாடைக்குப் பேர்போன குடும்பம். படத்திலிருந்தவர் 1621 முதல் 1665 வரை ஸ்பெயினை ஆண்ட நான்காம் பிலிப். மூலப் படத்தை வரைந்தவர் அவருடைய அரண்மனை ஓவியர் தியேகோ வெலாஸ்க்வெஸ். பழுப்பு உடையில் வெள்ளிச் சரிகை வேலைப்பாட்டோடு ராஜா நிற்கும் அந்தப் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ ஆறரை அடி. நான் போட்டது அதில் பாதி அளவு: உயரம் மூன்றடி இரண்டங்குலம், அகலம் ஓரடி பத்தங்குலம்.

போர்டு எழுதுகிறவனுக்கும் ஸ்பெயின் ராஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்கு மதுரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பதினாறு வயதில் மதுரையில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்க பிரஷ் கழுவினேன். அடுத்து காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ரம் காய்ச்சி, ஜிங்க் பவுடர் கலந்து பூசினேன். அதற்கப்புறம் ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபதடித் துணியில் போடும் வேலை. பிறகு வானம், சட்டை, எழுத்து. முகம் மட்டும் கிடையாது. முகம் தலைமை ஆர்ட்டிஸ்ட்டுக்கு. சாயங்காலம் அவர் வந்து, மூன்றங்குல பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுப்பார், ஹீரோ சிரிப்பார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நிற்பேன். ஆறு வருஷம் அப்படியே போனது. நம் கைக்கு ஒரு முகம் வரும் என்று காத்திருந்தபோது ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. கம்பெனியை மூடினார்கள்.

ஊருக்குத் திரும்பி உரக்கடை போர்டு, லாரி பின்பலகை, சுவர் விளம்பரம் என்று எழுதினேன். எழுத்து எனக்கு நன்றாக வரும். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர், "எங்க அய்யா போட்டோ ஒண்ணுதான் இருக்கு, பெருசா கையால வரைஞ்சு குடுப்பியா தம்பி?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். எனாமலில் போட்டேன். நிழல் விழும் இடமெல்லாம் கருப்பு, வெளிச்சமெல்லாம் ரோஸ். அவர் படத்தை வாங்கி, ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் மாட்டவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அய்யா வில்லன் மாதிரி இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம்தான் திண்டுக்கல்லில் மலைக்கோட்டை அடிவாரத்தில் குடியிருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அந்தக் காலத்தில் மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தலைவர்கள் படம், வீடுகளுக்கு முன்னோர் படம் எல்லாம் ஆயிலில் போட்டுக் கொடுத்தவர். நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கண் மங்கி வேலையை விட்டிருந்தார். நான் போட்ட அய்யா படத்தின் போட்டோவைக் கையில் வாங்கி, மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தார்.

"போட்டோவப் பாத்து மொகம் படிக்க முடியாதுய்யா. போட்டோவுல நெழலு பூராம் கருப்பா அடைச்சுக்கும். உள்ள என்ன கெடக்குன்னு தெரிஞ்சவன்தான் அதத் தொறக்க முடியும். ஒரு பெயிண்டிங்கப் பாத்துப் போடு. போட்டவன் ஏற்கனவே தொறந்து வச்சிருப்பான்."

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கலர் தாளை எடுத்துக் கொடுத்தார். ஏதோ ஓவியப் புத்தகத்திலிருந்து கிழிந்து வந்த தாள். அதில் இருந்தவர்தான் தாடை நீண்ட ராஜா.

ரவிவர்மாவைப் போடலாமே மாஸ்டர் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நீ பாத்தது காலண்டரு. அது ரவிவர்மா படத்தக் கல்லுல ஏத்தி அச்சடிச்சது." உண்மைதான். ரவிவர்மா 1894-ல் பம்பாய் காட்கோபரில் லித்தோ அச்சகம் தொடங்கியதிலிருந்து நம் வீடுகளுக்கு வந்தது அச்சுப் படம். ஆயிலின் கனமும் மெலிவும் அதில் கிடையாது. அதைப் பார்த்து வரைந்தால் முகம் மாவு பூசினாற்போலத்தான் வரும். நான் வரைந்து பார்த்துவிட்டே சொல்கிறேன்.

ஆனால் ரவிவர்மா எப்படிக் கற்றார் என்ற கதையை மாஸ்டர் வாயால் கேட்க வேண்டும். அதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. சுவாதித் திருநாள் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனைக்கு மதுரையிலிருந்து ஓவியராகப் போனவர் அழகிரி நாயுடு. ரவிவர்மாவின் மாமா ராஜராஜ வர்மா அவரிடம் பழகியவர். பதினான்கு வயதுப் பையனான ரவிவர்மா 1862-ல் கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் போனபோது அரண்மனை ஓவியராக இருந்தவர் ராமசாமி நாயக்கர். ஆயில் கலக்கும் வித்தையை அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெளிநாட்டு ஓவியர் மகாராஜா படம் வரைய வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே பிடித்துக்கொண்டார் ரவிவர்மா. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற எனக்கு இந்தக் கதை எங்கே போய்த் தைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கதை போதும், வேலைக்கு வருகிறேன்.

மாஸ்டர் வாங்கச் சொன்ன கலர் ஆறு டியூப். டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், ஐவரி பிளாக். நீலம் கிடையாது, ரோஸ் கிடையாது. ஆளிவிதை எண்ணெய் ஒரு பாட்டில், டர்பன்டைன் ஒரு பாட்டில். பன்றிமுடி பிரஷ் மூன்று. "கருப்பு டியூபக் கண்ணுல படாத எடத்துல வையி" என்றார். "அப்புறம் எதுக்கு வாங்கச் சொன்னீங்க?" என்றேன். "வெள்ளைகூடக் கலந்தா நீலம் மாதிரி காட்டும். அதுக்கு." அதுவரை எனக்குத் தெரியாது. ஓக்கரும் சிவப்பும் பூசின கன்னத்துக்குப் பக்கத்தில் கருப்பு கலந்த சாம்பலை வைத்தால் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரிகிறது. சவரம் செய்த தாடையின் நிறம் அதுதான்.

கேன்வாஸில் வெள்ளையின்மேல் நேரே வரையக் கூடாது என்று முதலில் ஒரு பழுப்பை டர்பன்டைனில் கரைத்துப் பூசித் துடைக்கச் சொன்னார். நெய்யப்பட்ட துணிக்குள் அந்தப் பழுப்பு இறங்கி நின்றது. அதன்மேல் கட்டம். கட்டம் எனக்குக் கைவந்த கலை, ஒரே நாளில் உருவம் இறங்கிவிட்டது. சந்தோஷத்தில், ராஜாவின் வலது கையிலிருக்கும் காகிதத்தில் உள்ள எழுத்தையும் அன்றைக்கே எழுதி முடித்துவிட்டேன். மறுவாரம் எடுத்துப்போய்க் காட்டினால் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "மூஞ்சி இல்ல, கை இல்ல, எழுத்து மட்டும் இருக்கு. போர்டு எழுதுற புத்தி போகுமா?"

அந்த எழுத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. "அரசே, தங்கள் ஓவியன் தியேகோ வெலாஸ்க்வெஸ்" என்ற பொருளில் ஸ்பானிஷில் எழுதியிருக்கிறது. ஒரு மனுவின் தொடக்கம் மாதிரி. வெலாஸ்க்வெஸ் தன் படங்களில் அபூர்வமாகத்தான் கையெழுத்துப் போடுவார். இந்தப் படத்தில் தன் பெயரை மனுவாக்கி ராஜாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். வேலை செய்தவன் சம்பளத்துக்கு எப்படியெல்லாம் வழி பார்க்கிறான்!

முகத்துக்குப் பதினோரு நாள் ஆனது. முதல் பூச்சில் எண்ணெயே சேர்க்காமல் டர்பன்டைனில் மட்டும் கரைத்த கலர். மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி, அடியிலிருப்பது பிறகு காய்ந்து, பாளம் பாளமாக வெடிக்கும். இதை எல்லாரும் சொல்வார்கள். மாஸ்டர் சொன்ன இன்னொன்றைத்தான் கைக்குள் கொண்டுவர முடியவில்லை. நிழல் மெலிசாக இருக்க வேண்டும், வெளிச்சம் கனமாக இருக்க வேண்டும். பேனர்க்காரன் நிழலைத்தான் அள்ளி அப்புவான், ராத்திரி லைட்டில் தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே. இந்தப் படத்தில் நிழல் இருக்கும் இடத்தில் கலர் அநேகமாக இல்லை. அடியில் துடைத்த பழுப்பே நிழலாக நிற்கிறது. நெற்றி, மூக்கு முனை, கன்ன மேடு, இங்கேதான் கனம். தாடைக்கு அடியில் காலரிலிருந்து ஏறும் லேசான வெளிச்சம் ஒன்று வேண்டும். அது இல்லையென்றால் தலை காலர்மேல் வைத்த பூசணிக்காய்தான். அந்தக் காலர் கஞ்சி போட்ட மொட்டைக் காலர். மடிப்பு மடிப்பான ஆடம்பரக் கழுத்துப் பட்டைகளை 1623-ல் தடை செய்துவிட்டு பிலிப் தானே அணிந்துகொண்டது. தன்மேலிருந்து தொடங்கிய சிக்கனம். ஆனால் இந்தப் படத்தின் சட்டையைப் பார்த்தால் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

சட்டைக்கு வருகிறேன். என் மானம் போன இடம் அதுதான்.

மார்பு, கை, தொடை, எங்கும் வெள்ளிச் சரிகை வேலைப்பாடு. நான் என்ன செய்தேன் என்றால், ஹார்டுவேர் கடையில் கேட்டுக்குப் பூசுகிற சில்வர் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தேன். பொடி பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவையும் இலையையும் சரிகைக்காரன் நெய்வதுபோல நாலு நாள் உட்கார்ந்து போட்டேன். ஐந்தாம் நாள் காலையில் கடையைத் திறந்தால், ராஜா கல்யாண மண்டப ஆர்ச் மாதிரி ஜிகினாவாக நின்றார். முகம் உள்ளே போய்விட்டது. வெயில் ஏற ஏற சில்வர் மட்டும் பளபளத்தது. வெயில் இறங்கினால் அதே சில்வர் கருத்தது. வெள்ளி தெரியவே இல்லை.

மாஸ்டரிடம் கொண்டுபோகவே வெட்கம். கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. வீட்டம்மாவைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் செம்பு கேட்டு வாங்கி ஜன்னலோரம் வைத்தார். "இதுல வெள்ளை எங்கிருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். ஒரு இடம், அரிசி அளவு. "மீதி?" சாம்பல். பழுப்பு. ஜன்னல் கம்பியின் கருப்பு. என் சட்டையின் நீலம். "வெள்ளிங்கிறது ஒரு கலரு இல்லய்யா. பக்கத்துல இருக்கிறதக் காட்டுற சாமான். சாம்பலப் பூசு, ஒரு எடத்துல மட்டும் வெள்ளைய வையி. மத்தத பாக்கிறவன் கண்ணு முடிச்சுக்கும்."

சில்வர் பெயிண்டை பிளேடால் சுரண்டினேன். சட்டை முழுவதையும் பழுப்பால் மூடினேன். காய்ந்த பிறகு, கொஞ்சம் அடர்ந்த சாம்பலை பிரஷ் நுனியில் எடுத்து, பூ என்று நினைக்காமல், இலை என்று நினைக்காமல், சாய்வாக, வளைவாக, புள்ளியாக வைத்துக்கொண்டே போனேன். பக்கத்திலிருந்து பார்த்தால் கோழி கிளறிய சாம்பல் குவியல். நடுநடுவே வெள்ளை, மொத்தம் முப்பது நாற்பது புள்ளி இருக்கும், எண்ணி வைத்தேன். பத்தடி பின்னால் போய்த் திரும்பினேன். சரிகை தெரிந்தது! நாலு நாள் உட்கார்ந்து செய்யாத வேலை ஒன்றரை மணி நேரத்தில் ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து போனில் மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெலாஸ்க்வெஸ் கையிலும் அதே கோழி கிளறல்தான். என்ன ஒன்று, அவர் கோழி நமது கோழியைவிட நிதானமானது.

இந்தப் படத்தை அவர் வரைந்தது ஏறத்தாழ 1631, 1632 வாக்கில். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம் இத்தாலியில் சுற்றி, பழைய ஆட்களின் படங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதற்கும் முன்னால், 1628-ல் ரூபன்ஸ் மாட்ரிட் வந்தார். வயது ஐம்பத்தொன்று, ஐரோப்பா முழுக்கப் பெயர். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ராஜாவின் அரண்மனையில் இருந்த டிஷியன் படங்களைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார். வெலாஸ்க்வெஸ் அப்போது அங்கேதான் இருந்தார். டிஷியன் மட்டும் என்ன? ஐந்தாம் சார்லஸ் மன்னர் நாயோடு நிற்கும் அவருடைய புகழ்பெற்ற படம், 1532-ல் சைசனெக்கர் என்பவர் போட்ட படத்தைப் பார்த்து மறுவருஷம் வரைந்தது. "பாத்துப் போட்டவன்" என்று நம்மூரில் யாராவது இளக்காரமாகச் சொன்னால் இந்த வரிசையை அவர்களிடம் சொல்லுங்கள்.

பாதிப் படம் முடிந்த நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்தில் மழை விட்ட ராத்திரி எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது, நான் சாப்பிடப் போயிருந்தேன். வந்து பார்த்தால் ராஜாவின் முகம் முழுக்க ஈசல். ஈரமான கன்னத்தில், நெற்றியில், மீசையில். இறக்கையைப் பிடித்து இழுத்தால் கலரோடு வருகிறது. அப்படியே விட்டுவிட்டு, காய்ந்த பிறகு ஊசியால் எடுத்தேன். இடது காதுக்கு மேலே முடிச் சுருளில் ஒரு இறக்கை இன்னும் உள்ளே இருக்கிறது. எடுக்கவில்லை. ஆடிக் காற்றில் வரைந்திருந்தால் புழுதி ஒட்டியிருக்கும். ஈசல் பரவாயில்லை.

ஒருநாள் மதுரை போனபோது மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே புதுமண்டபத்துக்குள் போய் நின்றேன். சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்த தூண்கள்தான். பத்து நாயக்க மன்னர்களின் சிலைகள். அதில் திருமலை நாயக்கர் தொந்தியோடு கைகூப்பி நிற்பார். அவர் பட்டத்துக்கு வந்தது 1623, எங்கள் தாடைக்காரருக்கு இரண்டு வருஷம் இளையவர். அங்கே ஒருத்தன் ராஜாவின் தாடையை மறைக்கவில்லை. இங்கே ஒருத்தன் ராஜாவின் வயிற்றை மறைக்கவில்லை. ஒரே காலம். எங்கள் கன்னிவாடி அப்போது மதுரைக்குக் கீழே இருந்த பாளையம். எங்கள் பாளையக்காரரை யாரும் ஆயிலில் போட்டுவைக்கவில்லையே என்று கல்முன்னால் நின்றுகொண்டு எனக்கு வருத்தமாக இருந்தது.

நகல் முடிந்தபின் முதலில் வந்த வேலை ஒரு பாட்டி படம். ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர். பேரன் கொண்டுவந்தது வாக்காளர் அடையாள அட்டைப் போட்டோ. "கொஞ்சம் செவப்பா போடுங்கண்ணே" என்றான். எல்லாரும் கேட்பதுதான். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கருத்த தோலில் வெளிச்சம் விழும்போது வருகிற சாம்பலும் செம்பும் சிவந்த தோலில் வராது, சும்மா ரோஸை அப்ப வேண்டியதுதான். பாட்டி காதில் தண்டட்டி, தோள்வரை இறங்கிய காது. போட்டோவில் அது வெறும் கருப்புக் கட்டி. ஆனால் எனக்கு இப்போது கருப்புக்குள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். ஓக்கரும் அம்பரும் கலந்து அடைத்தேன். பாட்டி சேலையின் பச்சையைக் கீழ்ப்பக்கத்தில் லேசாக ஏற்றினேன். ஒவ்வொரு காதிலும் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

படத்தை வாங்க வந்த மகள், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காதைத் தொட்டுப் பார்த்தது. கையில் கலர் ஒட்டியது, காயவில்லை. "ஏத்தா, கனக்குமே" என்று படத்தைப் பார்த்துச் சொன்னது. நான் அன்றைக்குக் கூலி பேசவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.

ராஜா இன்னும் என் கடையில்தான் இருக்கிறார். ஓட்டல்காரர் ஒருத்தர் விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. பின்பக்கம் கேன்வாஸில் "நகல். மூலம் வெலாஸ்க்வெஸ், லண்டன்" என்று எழுதி வைத்திருக்கிறேன், நாளைக்கு யாரும் ஏமாறக் கூடாதே. எழுத்து அழகாக வந்திருக்கிறது.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பாட்டி வீட்டுப் பக்கம் போயிருந்தேன். படம் நடுவீட்டில் தொங்கியது, மாலை போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் நேரே கேன்வாஸ்மேலேயே வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்திருக்கிறார்கள். நெற்றியில் கலர் எழும்பி நூல் தெரிந்தது. அவர்களைக் குறைசொல்ல வாயில்லை, நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் கையால் வரைந்த முன்னோர் படம் இருந்தால் கண்ணாடி போட்டு, கண்ணாடி படத்தைத் தொடாமல் கால் அங்குலம் இடைவெளி விட்டு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். பொட்டை அந்தக் கண்ணாடிமேல் வையுங்கள்.